அடிக்கட்டை இல்லாத கோமாளி

பீங்கான் கோமாளி முகம் குப்புறக் கிடந்தான். ஒரு கால் முழங்காலில் வளைந்து போயிருந்தது. தொப்பியை உயர்த்திப் பிடித்த கை தோளிலிருந்து கழன்று தனியாக உருண்டிருந்தது. மூக்கு, சூளைக்குள் அவனை வைத்துச் சுட்ட மண்பெட்டியின் சுவரில் ஒட்டியிருந்தது. பொம்மை ஒட்டும் நிக்கெல் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். மூக்கு பெட்டியோடு நின்றுவிட்டது. ஆள் மட்டும் கையோடு வந்தான்.

"ரெண்டாவது தடவையும் போச்சு" என்றார் நிக்கெல்.

சூளையின் வாய் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஆலை மேலாளர் ஹில்டெப்ராண்ட் தள்ளியே நின்றார். பொய்முடியில் சாம்பல் விழுந்தால் அவருக்கு ஆகாது.

"எத்தனை வெச்சே?"

"நாலு ஐயா. நாலு பேரும் நல்லா தூங்குறாங்க."

"போன தடவை?"

"அப்பவும் நாலு. அதுல ஒருத்தன் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிச்சிருப்பான்னு தோணுது. விழுந்த முகத்துலயும் ஒரு தெம்பு இருந்துச்சு."

மேலாளர் சிரிக்கவில்லை. வாசலில் மண் இலைகள் அடுக்கிய தட்டோடு நின்ற பெண் கேட்டாள்: "எந்தப் பக்கம் சாஞ்சான்?"

"விழுந்தவன் எந்தப் பக்கம் விழுந்தா உனக்கென்ன?" என்றார் நிக்கெல்.

"ரெண்டு தடவையும் ஒரே பக்கமா?"

நிக்கெல் கையிலிருந்தவனைத் திருப்பிப் பார்த்தார். அதை அவர் கவனித்திருக்கவில்லை.

அந்த வசந்தத்தில் அரண்மனைக்குப் புது இளவரசி வந்திருந்தாள். விருந்து முடிந்து இனிப்பு வரும்போது மேசை நடுவே பீங்கான் நடிகர்களை வரிசையாக நிறுத்துவது அங்கே வழக்கம். கறுப்பு முகமூடி போட்ட கோமாளி ஹார்லெகின், கஞ்சக் கிழவன், வாயாலேயே போர் செய்யும் கேப்டன், தப்பும் தவறுமாக லத்தீன் பேசும் டாக்டர். இளவரசி ஹார்லெகினை எடுத்துத் திருப்பி, இவன் ஏன் மரத்தோடு ஒட்டிப் பிறந்திருக்கிறான் என்று கேட்டாளாம். அரண்மனை மிட்டாய்க்காரன் பக்கத்தில் நின்றிருந்தான். தன்னுடைய சர்க்கரைப் பொம்மைகள் சொந்தக் காலில் நிற்கின்றன என்று பணிவாகச் சொல்லிவைத்தான். ஒரு வாரத்தில் அரக்கு முத்திரையோடு கடிதம் பீங்கான் ஆலை இருக்கும் வைடென்டாலுக்கு வந்துவிட்டது. மரம் இல்லாத நடிகர்கள் ஆறு பேர் வேண்டும். முதலில் ஹார்லெகின்.

சர்க்கரைக்கு என்ன, அது சூளைக்குள் போவதில்லை. பீங்கான் பொம்மை இரண்டாவது சூட்டில், பெருந்தீயில், ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அதுகூடப் பரவாயில்லை. தீ உச்சத்தில் இருக்கும்போது சில மணி நேரம் உடம்பு முழுக்க இளகும். காலுக்கு ஆதாரம் இல்லாதவன் அப்படியே உட்கார்ந்துவிடுவான். அதனால்தான் ஒவ்வொரு நடிகனின் கெண்டைக்காலுக்குப் பின்னாலும், வெட்டிய மரம் போல, மண்ணில் ஓர் அடிக்கட்டை. தனியாக முட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்றால், மெருகுப்பூச்சு உருகி முட்டும் காலும் ஒன்றாகிவிடும். பிய்த்தால் முதலில் வருவது கால்தான்.

அந்தக் கட்டைகளைச் செய்பவள்தான் வாசலில் நின்ற சபினா எக்கார்ட்.

மேலே மலையில், கூரைக்குப் பலகைக்கல் வெட்டும் ஊரில் பிறந்தவள். பதினாறு வயதில் ஆலைக்கு வந்து, பாதாள அறையில் இரண்டு வருடம் மண் கழுவினாள். பீங்கான் மண் கழுவும் தண்ணீர் கோடையிலும் விரலை மரத்துப்போக வைக்கும். பிறகு மாடிக்கு ஏற்றிக் கட்டை செய்யச் சொன்னார்கள். அச்சில் அழுத்தி எடுத்த கை, கால், தலை, உடல் எல்லாவற்றையும் மண்கூழால் ஒட்டி ஆளாக்குவது ஆண்களின் வேலை. அவர்களுக்கு ஜன்னலோரம் ஆளுக்கொரு மேசை உண்டு. ஆள் தயாரானதும் நடு அறைக்கு வரும். சபினா கட்டையை வைப்பாள், பட்டை கீறுவாள், இரண்டு ஐவிக்கொடி இலை ஒட்டுவாள், திருப்பி அனுப்புவாள். இருபத்தொரு வருடம். இடையில் ஒரு சூளைக்காரனைக் கல்யாணம் செய்தாள். போருக்கு இழுத்துப்போனார்கள், வரவில்லை. சத்தம் போட்டு அழாத பெண் என்று ஊரில் பேர். கேள்வி கேட்டே உயிரை எடுப்பவள் என்று ஆலையில் பேர்.

வந்த புதிதில், நாடகத்தில் உண்மையாகவே மரக்கட்டை இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எல்லா நடிகர்களும் காட்டில் எதற்காக நிற்கிறார்கள், மரத்தையெல்லாம் யார் வெட்டினார்கள் என்று நிக்கெலிடம் கேட்டாள். அவர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவரும் நாடகம் பார்த்ததில்லை. ஆலையில் யாருமே பார்த்ததில்லை. மேலாளர் வாங்கிவந்த செப்புத்தகட்டுப் படங்களைப் பார்த்துத்தான் பழைய மாஸ்டர் அச்சு செய்தார். அவரும் செத்துப்போய்விட்டார்.

ஒரு சமயம் காயாத கட்டையில் சபினாவின் பெருவிரல் அழுந்திக் குழி விழுந்துவிட்டது. அதை மறைக்க ஒரு சின்னக் காளான் ஒட்டினாள். மேலாளருக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து எல்லாக் கட்டைகளுக்கும் இடது பக்கம் ஒரு காளான்.

இப்போது அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, விழுந்தவர்கள் நால்வரையும் வரிசையாகக் கிடத்திப் பார்த்தாள்.

"ஐயா, அடுத்த சூளைல எனக்கு நாலு பெட்டி கொடுங்க."

நிக்கெல் ஏப்பம் போல ஒரு சத்தம் எழுப்பினார். "கட்டைக்காரி கட்டை இல்லாம நிறுத்தப் போறாளாம்."

"இருபத்தோரு வருஷமா இவனுங்க எங்கே சாயுறாங்கன்னு பாத்துட்டு இருக்கேன். நீங்க ஒட்டிட்டு அனுப்பிடுறீங்க. சுட்டு வந்தப்புறம் என் கட்டை எந்தப் பக்கம் நசுங்கியிருக்குன்னு நான் பாக்குறேன்."

மேலாளர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். பனி விழுந்து மலைப்பாதை மூடுவதற்குள் இன்னும் ஒரே ஒரு பெருந்தீதான். நிக்கெலிடம் வேறு யோசனை இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

"கேளும்மா. நின்னுட்டான்னா ஜன்னல்கிட்ட உனக்கு ஒரு மேசை. முழு ஆளையும் நீயே ஒட்டலாம். விழுந்தான்னா மறுபடியும் மண் கழுவப் போகணும். கடைசிச் சூளையில நாலு பெட்டியை நான் சும்மா தூக்கிக் கொடுக்க முடியாது."

"சரிங்க ஐயா."

"ஒரு நாள் யோசிச்சிட்டுச் சொல்லு."

"யோசிச்சிட்டேங்க" என்றாள் சபினா. இலைத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஒரு வாரம் ஓடியது. கட்டை இல்லாமல் மனிதன் எப்படி நிற்கிறான்? கேட்டால் சின்ன விஷயம்தான். அவள் கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்திவைத்துப் பார்த்தாள். தபால்காரர் நின்றார். பாதிரியார் நின்றார். ரொட்டிக்காரரின் மனைவி ஒற்றைக் காலில் நின்று, எதற்காக என்று கேட்டு, பதில் கிடைத்ததும் கோபித்துக்கொண்டு போனாள். யாரும் ஹார்லெகின் நிற்பதுபோல நிற்கவில்லை. ஒரு காலை முன்னே நீட்டி, இடுப்பை ஒடித்து, தொப்பியைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கும் ஆள் வைடென்டாலில் கிடையாது.

புனித மிக்கேல் திருநாள் சந்தைக்கு நாடகக் குழு வருகிறது என்ற செய்தி வந்தது. இரண்டு வண்டி, ஏழு பேர், ஒரு கழுதை. சபினா ஞாயிறு ஆராதனைக்குப் போடும் உடுப்பைப் போட்டுக்கொண்டு, மத்தியானமே போய் முன்வரிசைப் பலகையில் இடம் பிடித்தாள். மடியில் வெங்காய ரொட்டி. நிக்கெலும் வந்திருந்தார். வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்று இரண்டு தடவை சொன்னார்.

திரை விலகியது.

மேடை நடுவே ஓர் அடிக்கட்டை இருந்தது.

சபினா மெல்வதை நிறுத்தினாள். ஹார்லெகின் குட்டிக்கரணம் போட்டு வந்தான். கட்டையருகே போனதும் ஒரு காலை நீட்டி, கெண்டைக்காலைக் கட்டையில் அழுத்தி, தொப்பியை உயர்த்தினான். அப்படியே அவளுடைய பொம்மை. கேப்டன் வந்தான். அவனும் கட்டையில் காலைச் சாய்த்துக்கொண்டுதான் வீரம் பேசினான். கஞ்சக் கிழவன் வந்து, கேப்டன் நகரும் வரை காத்திருந்து, கட்டையில் சாய்ந்த பிறகே புலம்ப ஆரம்பித்தான். ஊரே சிரித்தது. சபினா சிரிக்கவில்லை.

"பாத்தியா?" நிக்கெல் காதருகே சொன்னார். "நெசமாவே கட்டை இருக்கு. நான்தான் உன்னைக் கிண்டல் பண்ணினேன்."

சபினா ரொட்டியை மடியில் வைத்துவிட்டு மேடையையே பார்த்தாள். சூளைக்காகத்தான் கட்டை என்று இவ்வளவு நாள் நம்பியது தவறா? நாடகத்தில் ஆதியிலிருந்தே இருந்ததா? சூளையே இல்லாத இடத்தில், எலும்பும் தசையும் உள்ள மனிதனுக்கு எதற்குக் கட்டை? ஒருவேளை கட்டை இல்லாமல் இப்படி நிற்கவே முடியாதோ? அப்படியென்றால் பாதாள அறைதான்.

இரண்டாம் காட்சியில் ஹார்லெகின் கட்டையை உதைத்தான். அது பாதி திரும்பியது. இடது பக்கம், மரத்தில் செதுக்கிச் சிவப்பு பூசிய ஒரு காளான்.

நாடகம் முடிந்ததும் அவள் நேராக மேடைக்குப் பின்னால் போனாள். ஹார்லெகினாக நடித்தவன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாளித் தண்ணீரில் கழுத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். நாற்பது வயதுக்காரன். முன்பற்களில் ஒன்றைக் காணோம். பேர் கிலியான் என்றான்.

"அந்தக் கட்டை எதுக்கு?" என்றாள் சபினா.

"வணக்கம்னு ஒண்ணு இருக்கும்மா, முதல்ல அதைச் சொல்லுவாங்க."

"வணக்கம். அந்தக் கட்டை எதுக்கு?"

கிலியான் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எங்க முதலாளியோட அப்பா ஒரு கோட்டையில நாடகம் போடப் போனாராம். அங்கே மேசை மேல பீங்கான்ல எங்க ஆளுங்க எல்லாரும் நின்னிருக்காங்க. ஒவ்வொருத்தன் பின்னாடியும் கட்டை. பெரிய ஆளுங்க வீட்டுல இருக்கிறது சரியாத்தானே இருக்கும்? அன்னிக்கே ஒரு தச்சனைப் பிடிச்சிட்டார்."

"யாரும் ஏன்னு கேக்கலையா?"

"கேட்டோம். ஹார்லெகின் காட்டுல பொறந்தவன், அதுக்கு அடையாளம்னாரு. கேப்டனுக்கு அது எதிரியோட முண்டமாம். டாக்டருக்கு அறிவு மரமாம்."

"வெட்டின மரமா?"

"அவருக்கு இருக்கிற அறிவுக்கு அது போதும்னாரு."

பின்னால் வந்து நின்ற நிக்கெல் முதல் ஆளாகச் சிரித்தார். சபினாவும் சிரித்தாள். வெகுநேரம் அடக்கி வைத்திருந்ததால் கண்ணில் நீர் வந்தது.

"அதுல ஒரு அர்த்தமும் இல்ல. கட்டை இல்லேன்னா பொம்மை சூளைத் தீயில இளகி விழுந்துடுவான், அவ்வளவுதான். அதைச் செய்றது நான்தான்."

"காளான்?"

"காளான் என் பெருவிரல்."

அவள் விரலைக் காட்டினாள். கிலியான் அதைப் பார்த்தான், மேடைப் பக்கம் பார்த்தான். "பதினஞ்சு வருஷமா அந்தச் சனியனை வண்டியில ஏத்தி இறக்கி என் முதுகு போச்சு. வாரம் ஒரு தடவை காளானுக்குப் புதுசா சிவப்பு வேற பூசணும்" என்று சொல்லி, வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கட்டை இல்லாம நின்னு காட்டுங்க" என்றாள் சபினா.

நின்றான். தொப்பியைத் தூக்கினான், காலை நீட்டினான். அவள் குனிந்து அவன் முழங்காலைப் பிடித்துப் பார்த்தாள். கணுக்காலை அழுத்தினாள். இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தாள். குழுவிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது வளையும். வேற மாதிரி நில்லுங்க."

நின்றான்.

"இதுவும் வளையும்."

"எனக்கு வளையலையேம்மா."

"உங்களுக்கு எலும்பு இருக்கு. அவனுக்கு இல்ல. தீ ஏறினதும் உடம்பு மொத்தமும் வெண்ணெய் மாதிரி ஆயிடும். தலை கனக்கும். கால் இருக்கிறதே தெரியாது. விழுந்துட்டோம்னும் தெரியாது."

கிலியான் ஈரக் கழுத்தைச் சொறிந்தான். "குடிச்சவன் மாதிரி."

சபினா யோசித்தாள். "ஆமா. குடிச்சவன் மாதிரிதான்."

"அப்படிச் சொல்லு. இவ்வளவு நேரம் தெளிவா இருக்கிறவன் மாதிரி நிக்கச் சொன்னே, உன் பொம்மை எப்படி நிக்கும்னு எனக்கென்ன தெரியும்? குடிச்சவன் எப்படி விழாம இருப்பான்னு கேளு. அது என் தொழில்."

அவன் நடு முற்றத்துக்கு வந்தான். முகமூடியை இறக்கினான். முழங்கால்கள் கழன்றுபோயின. ஒரு கணம் அவன் விழத்தான் போகிறான் என்று நிக்கெல் கையை நீட்டிவிட்டார். விழவில்லை. ஒரு காலைப் பின்னால் மடித்து, மற்றதை முன்னால் நீட்டி, தொப்பியைக் கழற்றி, தரை தொடக் குனிந்து வணங்கினான். தொப்பி தரையில் பதிந்தது. கை அதன் மேல் ஊன்றியது. அப்படியே இருந்தான்.

"குடிச்சவன் நிமிரவே கூடாது" என்று கீழிருந்து சொன்னான். "எதிர்ல வர்றவன் எல்லாருக்கும் வணக்கம் போட்டுட்டே இருக்கணும். மரியாதையான ஆளுன்னு நினைச்சுப்பாங்க."

சபினா அவனைச் சுற்றி வந்தாள். இரண்டு கால், ஒரு தொப்பி. மூன்று இடத்தில் தரை. தலையின் கனம் மூன்றுக்கும் நடுவே. அவள் இன்னொரு தடவை சுற்றி வந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"கொஞ்சம் இருங்க. முகம் தெரியலையே. மேசையில உக்காந்தவங்க என்ன, இவன் முதுகையா பாப்பாங்க?"

கிலியான் குனிந்தபடியே கழுத்தைத் திருப்பி, பக்கவாட்டில் நிமிர்ந்து பார்த்துப் பல்லைக் காட்டினான். பல் இல்லாத இடமும் தெரிந்தது.

"அசையாதீங்க" என்றாள் சபினா.

அடுத்த பத்து நாள் அவள் நடு அறையிலேயே வேலை செய்தாள். பழைய அச்சில் எடுத்த உடம்பை இடுப்பில் அறுத்தாள். வயிற்றிலிருந்து ஒரு ஆப்பு அளவு மண்ணை எடுத்துவிட்டுக் குனியவைத்து ஒட்டினாள். தொப்பிக்கை அச்சு உதவவில்லை, கையாலேயே பிடித்தாள். தொப்பியின் விளிம்பைப் பீடத்தோடு மண்கூழ் வைத்து இணைத்தாள். கழுத்துதான் பெரும்பாடு. சுடும்போது தலை எவ்வளவு இறங்கும்? தன் நசுங்கிய கட்டைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒரு கோதுமை மணி அளவு கூடுதலாகத் தூக்கிவைத்தாள். இன்னொன்றில் இரண்டு மணி. மூன்றாவதில் ஒன்றரை. நாலாவதில் எதுவும் கூட்டவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைக்காக அந்த ஒருவனைப் பலி கொடுக்கலாம் என்று நினைத்தாள்.

நிக்கெல் தினமும் வந்து பார்த்தார். "என்ன, தரையில ஏதோ தேடுறான்?"

"உங்க மூக்கை."

முதல் சூட்டில் நால்வரும் பிழைத்தார்கள். அதில் யாரும் விழுவதில்லை. மெருகுப்பூச்சில் முக்கி, பெட்டிகளில் வைத்து, பெருந்தீக்கு ஏற்றினார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் எரிந்தது. நாலு நாள் ஆறியது. அந்த நாலு நாளும் சபினா வழக்கம்போல வேறு பொம்மைகளுக்குக் கட்டை வைத்தாள். ஒரு நாள் காலையில் பாதாள அறைக்குப் போய்த் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள். பழைய குளிர்தான்.

செவ்வாய்க்கிழமை சூளையைத் திறந்தார்கள்.

நிக்கெல் முதல் பெட்டியை இறக்கி மூடியை எடுத்தார். கூட்டாமல் விட்டவன். நெற்றி தொப்பியில் ஒட்டி, தூங்கிக்கொண்டிருந்தான். மேலாளர் அடுத்த பெட்டியைக் காட்டினார். இரண்டாவது பெட்டியில், ஒரு கோதுமை மணி கூட்டியவனின் முன்னங்கால் கீறல் விட்டு இரண்டாகியிருந்தது. மூன்றாவது, இரண்டு மணி கூட்டியவன். நின்றான். ஆனால் தலை இறங்கவே இல்லை. கூரையைப் பார்த்துப் பல்லிளித்தான்.

"இது யாரு, மழை வருமான்னு பாக்குறானா?" என்றார் மேலாளர்.

நாலாவது பெட்டியை நிக்கெல் மெதுவாகத்தான் இறக்கினார். மூடியைத் தூக்கிவிட்டு நகர்ந்துகொண்டார்.

வணங்கியபடி நின்றான். வெள்ளை வெளேரென்று, வண்ணம் ஏறாத உடம்பு. தொப்பி பீடத்தில், கை தொப்பியில், கண் மட்டும் பக்கவாட்டில் மேலே. யார் எதிரே நின்றாலும் அவரையே பார்ப்பதுபோல இருந்தது. மேலாளர் பெட்டியைத் தட்டினார். ஆடவில்லை. பொய்முடியைப் பொருட்படுத்தாமல் குனிந்து, நாலு பக்கமும் மரத்தைத் தேடினார்.

"ஏன் இப்படிக் குனிஞ்சு கிடக்கிறான்? அரண்மனைல கேட்டா என்ன சொல்றது?"

"புது இளவரசிக்கு வணக்கம் சொல்றான் ஐயா" என்றாள் சபினா.

மேலாளர் அவளைப் பார்த்தார். பிறகு பொம்மையைப் பார்த்தார். வாய்க்குள் அந்த வாக்கியத்தை ஒரு தடவை சொல்லிப்பார்த்துக்கொண்டதுபோல உதடு அசைந்தது.

"மிட்டாய்க்காரனோடது வணக்கம் சொல்லாது, இல்லையா?" என்றார்.

"சும்மா நிக்கத்தான் செய்யும் ஐயா."

"நிக்கெல், ஜன்னல்கிட்ட மூணாவது மேசையைக் காலி பண்ணு."

மறுநாள் புதன்கிழமை. காலையிலிருந்து மழை. சபினா ஏழு மணிக்கு மூன்றாவது மேசையில் உட்கார்ந்தாள். ஜன்னல் சட்டத்தில் இடைவெளி இருந்தது, காற்று வந்தது. துணியைச் சுருட்டிச் சொருகினாள். அச்சில் அழுத்தி எடுத்த கேப்டனைக் கொண்டுவந்து வைத்தார்கள். கை, கால், வாள், தலை என்று பதினேழு துண்டு. வாள் ஒடிந்து வந்தது, திரும்ப அழுத்தச் சொன்னாள். பத்து மணிக்கு நிக்கெல் அவளுடைய மெல்லிய கத்தியை இரவல் வாங்கிப் போனார், பன்னிரண்டுக்குத் திருப்பிக் கொடுத்தார். மத்தியானம் முட்டைக்கோஸ் சூப். சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் கேப்டனுக்கு இரண்டு காலும் ஒரு கையும் ஒட்டியிருந்தாள். ஈரத்துணியால் மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.